பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: விற்ற பிரதிகளின் கணக்கைத் தாருங்கள்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இந்த மடலை எழுதவில்லை. பல ஆண்டுகளாகப் புத்தகம் எழுதி வருவதாலும், என்னைப் போலவே எழுதி வருகிற பலரோடு தொடர்ந்து பேசி வருவதாலும், எழுத்தாளர்களின் இன்னல்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பலவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு குறை கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை நீக்கும் ஆற்றல் அரசிடமோ வாசகரிடமோ இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். எங்கள் புத்தகம் எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது, எத்தனை திரும்பி வந்தது, இன்று எத்தனை கையிருப்பில் இருக்கிறது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. கேட்டாலும் தெளிவான விடை கிடைப்பதில்லை.

எழுத நேரமில்லை, வெளியிட ஆளில்லை, வெளியானால் வாசிக்க ஆளில்லை என்ற மூன்று புலம்பல்கள் எழுத்தாளர்கள் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கும். மூன்றும் உண்மை. ஆனால் இவற்றைத் தனித்தனி நோய்களாகப் பார்த்துப் பழகிவிட்டோம். விளைச்சல் எவ்வளவு என்று விதைத்தவரிடம் சொல்லாமலே அடுத்த போகத்துக்கு விதைக்கச் சொல்வதுபோல, எழுதியவருக்குக் கணக்குக் காட்டாமலே அடுத்த புத்தகத்தைக் கேட்கும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்த வழக்கம்தான் இந்த மூன்று இன்னல்களையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

உங்கள் தொழிலின் சிரமங்களை அறியாமல் இதைச் சொல்லவில்லை. காகிதத்துக்கும் அச்சுக்கும் நூற்கட்டுக்கும் முன்கூட்டியே பணம் போட்டுவிட்டு, விற்பனையாளரிடமிருந்து அது திரும்பி வர மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நீங்கள். விற்ற பிறகு பணம், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில் பிரதிகளை அனுப்புகிறீர்கள். அவை அட்டை மடிந்தும் அழுக்கேறியும் திரும்பி வந்தால் அந்த இழப்பும் உங்களுடையது. பத்துப் புத்தகம் போட்டால் ஒன்றிரண்டின் வருவாய்தான் மற்றவற்றைத் தாங்குகிறது. இவ்வளவு இடர்களுக்கு இடையிலும் ஒரு முதல் நாவலை, ஒரு கவிதைத் தொகுப்பை, பத்தாண்டு உழைப்பில் உருவான ஓர் ஆய்வு நூலை நம்பி வெளியிடுகிறவர்கள் மீது எனக்குள்ள மதிப்பு சற்றும் குறையவில்லை. அந்த மதிப்பு இருப்பதால்தான் உங்களிடம் கேட்க முடிகிறது.

எதைக் கேட்கிறேன் என்பது விளங்க, நண்பர் ஒருவருக்கு அவருடைய பதிப்பகத்திலிருந்து வந்த ராயல்டித் தாளை, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்குரிய பங்கின் கணக்கை, சற்று நெருக்கமாகக் காட்ட விரும்புகிறேன். அரைத்தாள் அளவுதான். மேலே பதிப்பகத்தின் பெயர், கீழே கையொப்பமும் முத்திரையும். நடுவில் மூன்றே வரிகள். முதல் வரியில் ‘நூல்கள் – நிகர விற்பனை’ என்று ஒரு தொகை. அடுத்த வரியில் ‘இதர கழிவுகள்’ என்று ஒரு தொகை. கடைசி வரியில் மிச்சம். அந்தப் பதிப்பகத்தில் அவருடைய நூல்கள் நான்கு வெளியாகியிருக்கின்றன. எந்த நூல் எத்தனை பிரதி விற்றது என்ற எண் அந்தத் தாளில் எங்குமே இல்லை. கழிவுகள் எவை என்ற விவரமும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது கணக்குப் பிரிவில் இருந்தவர் மிகவும் மரியாதையாகவே, “மொத்தமாகத்தான் வரும் மேடம், பிரித்துப் பார்க்க முடியாது” என்று சொல்லியிருக்கிறார். நான்கு நூல்களில் மூன்று ஒரு பிரதிகூட விற்காமல் நான்காவது மட்டுமே எல்லாவற்றையும் ஈட்டியிருக்கலாம். நான்கும் சம அளவில் விற்றிருக்கலாம். எழுதியவருக்கு அது தெரியாது. ஐந்தாவது நூலை அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த ‘நிகர விற்பனை’ என்ற சொற்களுக்குள்ளேயே ஒரு பெரிய இருட்டு இருக்கிறது. பத்து விழுக்காடு ராயல்டி என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், எதில் பத்து விழுக்காடு என்பதுதான் முதல் கேள்வி. அட்டையில் அச்சிட்ட விலையில் பத்து விழுக்காடு என்பது ஒரு தொகை. விற்பனையாளருக்கு நாற்பது விழுக்காடு கழிவு கொடுத்தபின் பதிப்பகத்துக்கு வந்துசேரும் தொகையில் பத்து விழுக்காடு என்பது அட்டை விலையில் ஆறு விழுக்காடு மட்டுமே. இரண்டையும் ‘பத்து’ என்றே சொல்லிக்கொள்ளலாம். எந்த முறையைப் பின்பற்றினாலும் அதில் தவறில்லை. இரண்டுக்கும் தொழிலில் இடமுண்டு. ஆனால் எந்த முறை என்று ஒப்பந்தத்திலும், அந்த முறைப்படி எப்படிக் கணக்கிட்டோம் என்று ஆண்டுத் தாளிலும் எழுதியிருக்க வேண்டும். மதிப்புரைக்கு அனுப்பியவை, ஆசிரியர் பிரதிகள், சேதமானவை, திரும்பி வரக்கூடும் என்று கருதி நிறுத்தி வைக்கப்பட்டவை ஆகிய எல்லாவற்றுக்கும் ராயல்டி கிடையாது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. அவை ஒவ்வொன்றும் எத்தனை என்று சொல்வதில்தான் நேர்மை இருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பேசினால் இலக்கியத்தைக் கொச்சைப்படுத்துவதாகச் சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்காக ஒன்றிரண்டு உண்மைகளைச் சொல்லிவிடுகிறேன். புத்தகச் சந்தை மிகப் பெரிதாக வளர்ந்த நாடுகளிலேயே எழுதி வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை அங்குள்ள எழுத்தாளர் அமைப்புகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பிரிட்டனில் தம் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் எழுத்துக்குச் செலவிடுகிறவர்கள் எழுத்தின் மூலம் ஈட்டும் ஆண்டு வருவாயின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் ஈட்டும் அளவு) 2006இல் 12,330 பவுண்டாக இருந்து, 2022இல் 7,000 பவுண்டாகக் குறைந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2018இல் எடுத்த கணக்கின்படி, எழுத்து தொடர்பான எல்லாப் பணிகளையும் சேர்த்த பிறகும் அந்நாட்டு எழுத்தாளர்களின் இடைநிலை ஆண்டு வருவாய் 6,080 டாலர்தான். வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் பெரும்பாலோர் எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். ஆனால் அந்த வேறு வேலையில் எத்தனை மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஓராண்டு ஊதியமில்லா விடுப்பு எடுத்து ஒரு பெரிய நாவலை முடிக்கலாமா, இரண்டாம் பாகத்தில் இறங்கலாமா என்ற முடிவுகளை எடுக்க ஓர் எழுத்தாளருக்கு அடிப்படையாக என்ன இருக்கிறது? முந்தைய நூல் எவ்வளவு போனது என்ற ஓர் எண். அது ஒரு சிறிய எண்ணாக இருந்தாலும், அதை வைத்து வாழ்க்கையைத் திட்டமிட முடியும். இல்லாத எண்ணை வைத்து எதையும் திட்டமிட முடியாது.

கணக்கு இல்லாததன் கேடு எழுத்துக்குள்ளும் நுழைகிறது. “உங்கள் புத்தகம் போகவில்லை” என்று ஒரு சந்திப்பில் போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு வாக்கியத்தை நம்பித் தம் எழுத்தின் திசையையே மாற்றிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். சிறுகதையைக் கைவிட்டு நாவலுக்குப் போனவர்கள் உண்டு. தமக்குக் கைவந்த மொழியை விட்டுவிட்டு எளிமை என்று எவரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. ‘போகவில்லை’ என்பதற்கு என்ன பொருள்? ஆயிரத்தில் நூறா, முந்நூறில் இருநூற்றைம்பதா? முதல் ஆறு மாதத்தில் போகவில்லையா, அல்லது கடைகளுக்கே போய்ச் சேரவில்லையா? இவற்றுள் ஒவ்வொன்றும் வேறு வேறு செய்தி. எழுத்தை மாற்ற வேண்டிய காரணம் ஒன்றாகவும், விநியோகத்தை மாற்ற வேண்டிய காரணம் இன்னொன்றாகவும் இருக்கும்போது, இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து எழுதியவரின் தலையில் வைப்பது நியாயமில்லை.

வாசகரைச் சென்றடைவது பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். என் பார்வையில் கணக்கின் முதன்மையான பயன் பணத்தைவிட இதில்தான் அதிகம்.

இன்று பதிப்பகங்கள் எழுத்தாளர்களிடம் எதிர்பார்ப்பது கையெழுத்துப் பிரதியை மட்டும் அன்று. அட்டைப்படத்தைப் பகிர வேண்டும், காணொளியில் பேச வேண்டும், வாசகர் குழுக்களுக்குப் போக வேண்டும், மதிப்புரை எழுதச் சொல்லி ஆட்களைத் தேட வேண்டும் என்று சொல்கிறீர்கள். காலம் அப்படி மாறியிருக்கிறது. பெரும்பாலான எழுத்தாளர்கள் தயக்கத்தோடாவது அதைச் செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்த எந்த முயற்சி பலித்தது என்று அவர்களிடம் எவரும் சொல்வதில்லை. ஒரு வார இதழில் மதிப்புரை வந்த மாதத்தில் விற்பனை கூடியதா? ஒரு கல்லூரியில் பேசிய பிறகு அந்தப் பகுதியிலிருந்து புதிய தேவை வந்ததா? இணையவழியில் வாங்குகிறவர்கள் அதிகமா, கடையில் வாங்குகிறவர்கள் அதிகமா? மாதவாரியாகவும் விற்பனை வழிவாரியாகவும் ஓர் அட்டவணை இருந்தால் பத்து நிமிடத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். அது இல்லாததால், எழுத்துக்குரிய மாலைப் பொழுதுகளை விளம்பரத்துக்குச் செலவிட்டுவிட்டு, அந்தச் செலவு வீணா விளைவா என்று தெரியாமலே அடுத்த மாலையையும் அதற்கே கொடுக்கிறோம். நேரமின்மை என்று நாங்கள் புலம்புவதில் ஒரு பங்கு இப்படித் தொலைந்த நேரம்தான்.

ஒரு கூட்டம் முடிந்ததும் ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, என் நூலொன்றை மாணவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க ஐம்பது பிரதிகள் தேடியதாகவும், கேட்ட கடைகளில் எல்லாம் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொன்னதாகவும், கடைசியில் வேறொரு நூலை வாங்கிக் கொடுத்துவிட்டதாகவும் வருத்தத்தோடு சொன்னார். அதே வாரத்தில் பதிப்பகத்தில் விசாரித்தபோது, அந்த நூலின் கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடங்கில் இருப்பதாகவும், கடைகளிலிருந்து எவரும் கேட்கவில்லை என்றும் பதில் வந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பதிப்பகமும் பொய் சொல்லவில்லை. வாசகர் ஒரு பக்கம், புத்தகம் மறுபக்கம், இரண்டையும் சேர்த்து வைக்கும் செய்தி எவரிடமும் இல்லை. எந்தக் கடைக்கு எத்தனை போயிருக்கிறது, எங்கே தீர்ந்துவிட்டது என்ற கணக்கை எழுத்தாளருடன் பகிர்ந்திருந்தால், அந்த ஆசிரியையை நேராகப் பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்க முடியும். ஒரு நூலுக்காகத் தெருத்தெருவாக நடக்கத் தயாராக இருக்கும் விற்பனைப் பிரதிநிதி அதை எழுதியவரைத் தவிர வேறு யார்? அவருக்குத் தகவல் கொடுக்காமல் வைத்திருப்பதில் உங்களுக்கும் இழப்பு இருக்கிறது.

மொழிபெயர்ப்பு உரிமை கேட்டு வெளிமொழிப் பதிப்பாளர்களோ முகவர்களோ அணுகும்போது அவர்கள் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, மூலமொழியில் நூல் எத்தனை பிரதிகள் விற்றிருக்கிறது என்பது. அந்த இடத்தில் “நன்றாகப் போயிருக்கிறது” என்று சொல்லி நிற்கும் எழுத்தாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பரிசுக்கு விண்ணப்பிக்கும்போதும், நல்கைக்கு விண்ணப்பிக்கும்போதும் இதே கதைதான்.

நான் கேட்பது புதுமையான ஒன்றன்று. இந்தக் கோரிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் நூலின் உரிமை முதலில் அதை எழுதியவருக்கு உரியது என்று ஏற்றுக்கொண்டது. அச்சிடும் உரிமைக்குப் பதினான்கு ஆண்டுகள் வரையறை வைத்த அந்தச் சட்டம், அந்தக் காலம் முடிந்தபின் ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகளுக்கு உரிமை அவரிடமே திரும்பும் என்றும் சொன்னது. 1884இல் லண்டனில் வால்டர் பெசன்ட் முன்னின்று தொடங்கிய எழுத்தாளர் சங்கம், பதிப்பாளர்கள் தங்கள் கணக்கை எழுத்தாளர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும் என்பதையே தன் முதன்மையான போராட்டங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. ஜெர்மனியில் 1901ஆம் ஆண்டின் பதிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. எழுத்தாளருக்கான தொகை விற்பனையைப் பொறுத்தது என்றால், பதிப்பாளர் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும், அதைச் சரிபார்க்கத் தேவையான அளவுக்குத் தம் கணக்கேடுகளைப் பார்வையிட அனுமதிக்க வேண்டும் என்றும் அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது. கணினியில்லாத, கையால் பேரேடு எழுதிய காலத்தில் அது சாத்தியமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பதிப்புரிமை நெறியாணையின் 19ஆம் பிரிவும், படைப்பு எந்தெந்த வழிகளில் பயன்படுத்தப்பட்டது, எவ்வளவு வருவாய் வந்தது, எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற தகவலைக் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டும் என்கிறது.

கணக்கு எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் முதல் நூல் 1849இல் ஆயிரம் பிரதிகள் அச்சானது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பதிப்பாளர் விற்காத 706 பிரதிகளை அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். 75 பிரதிகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டவை, மீதிதான் விற்றவை என்று தோரோ தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அதைவிடக் கசப்பான கணக்கு ஓர் எழுத்தாளருக்கு வர முடியாது. ஆனாலும் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு ஒற்றை இலக்கம் வரை தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டே தம் இரண்டாவது நூலை வெளியிட்டார். ‘உண்மையான எண்ணைச் சொன்னால் எழுத்தாளர் மனம் உடைந்துபோவார்’ என்று உங்களில் சிலர் அக்கறையோடு சொல்வதுண்டு. அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எங்கள் மனத்தைத் தாங்கிக்கொள்ளும் பொறுப்பை எங்களிடமே விட்டுவிடுங்கள்.

கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு விஷயம் உரிமை திரும்புவது. முன்பெல்லாம் ஒரு நூலின் கடைசிப் பிரதி விற்றுத் தீர்ந்து, குறிப்பிட்ட காலத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால், உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்று ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். ‘அச்சில் இல்லை’ என்பது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய நிலையாக இருந்தது. தேவைக்கேற்ப ஒன்றிரண்டு பிரதிகளாக அச்சிடும் தொழில்நுட்பமும் மின்னூலும் வந்த பிறகு, எந்த நூலும் எக்காலத்திலும் ‘அச்சில் இருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். ஆண்டுக்கு இரண்டு பிரதி விற்றாலும், ஏன், ஒன்றுமே விற்காவிட்டாலும், அட்டவணையில் பெயர் இருந்தால் போதும். இப்படி எத்தனையோ நல்ல நூல்கள் உயிரோடும் இல்லாமல் விடுதலையும் பெறாமல் கிடக்கின்றன. வேறொரு பதிப்பகம் புதிய அட்டையோடும் முன்னுரையோடும் கொண்டுவரத் தயாராக இருந்தும் எழுதியவர் கைகட்டி நிற்கிறார். விற்பனை எண்ணிக்கை தெரிந்தால் இதற்கு எளிய தீர்வு உண்டு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இத்தனை பிரதிகளுக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஓர் அளவை எழுதிவிடலாம். அளவு என்னவாக இருக்க வேண்டும் என்பதை நூலின் தன்மையைப் பொறுத்து இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

சட்டம் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. மேலே சொன்ன ஐரோப்பிய நெறியாணையின் 22ஆம் பிரிவு, பயன்படுத்தப்படாமல் கிடக்கும் உரிமையைப் படைப்பாளி திரும்பப் பெற வழிசெய்கிறது. அமெரிக்காவில் 1978 முதல் எழுத்தாளர் எழுதிக்கொடுத்த உரிமைகளைப் பொதுவாக 35 ஆண்டுகளுக்குப் பின் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் ஒருமுறையாவது உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்று கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத நிலையில், பெற்றுக்கொண்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது இற்றுப்போகும். 2012இல் செய்த திருத்தம், ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, தனியே குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, மாறியதாகக் கருதப்படாது என்றும் சொல்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தும், ‘இன்றுள்ளவையும் இனி வரப்போகிறவையுமான அனைத்து உரிமைகளும்’ என்ற ஒற்றை வரியோடு ஒப்பந்தங்கள் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கின்றன. ஒப்பந்தமே இல்லாமல் வாய்ச்சொல்லில் வெளியாகும் நூல்களும் இருக்கின்றன. ஒலிநூலும், செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க நூலைப் பயன்படுத்தும் உரிமமும் பேரம் பேசப்படும் இந்தக் காலத்தில் அந்த ஒற்றை வரி முன்பைவிட ஆபத்தானது.

கணக்குத் தருவது நடைமுறையில் முடியாது என்ற வாதத்தை இனியும் ஏற்க இயலாது என்பதற்குச் சான்று நம் கண் முன்னாலேயே இருக்கிறது. 2007இல் அமேசான் நிறுவனத்தின் மின்னூல் கருவியான கிண்டில் வந்ததிலிருந்து, மின்னூலைத் தானே வெளியிடுகிற ஓர் எழுத்தாளர் தம் நூல் எந்த நாட்டில் எத்தனை விற்றது என்பதைத் தம் கணினித் திரையில் பார்த்துக்கொள்ள முடிகிறது. அதே நிறுவனத்தின் சந்தா முறையில், 2015 முதல், வாசகர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்ற அளவில் பணம் தருகிறார்கள். சுயவெளியீட்டில் வேறு தொல்லைகள் பல உண்டு. நல்ல பதிப்பாசிரியரின் கண் படாத நூல் அனேகமாக ஒரு குறையோடுதான் வெளிவரும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் பதிப்பகத்தை விட்டு அந்தப் பக்கம் போனவர்களில் பலர் சொல்லும் காரணம் பணம் அன்று; அங்கே கணக்குத் தெரிகிறது என்பதுதான். படித்த பக்கத்தைக்கூட ஒருவர் எண்ணிச் சொல்லும்போது, விற்ற புத்தகத்தை எண்ணிச் சொல்ல முடியாது என்று நீங்கள் சொன்னால் அது நெடுநாள் எடுபடாது.

நூலகங்களின் சான்றும் இருக்கிறது. நூலகத்தில் இரவல் போகும் நூலுக்காக எழுத்தாளருக்குத் தொகை தரும் முறையை 1946இல் டென்மார்க் முதன்முதலில் கொண்டுவந்தது. பிரிட்டன் 1979இல் அதற்குச் சட்டம் இயற்றியது. அங்கே ஒவ்வொரு நூலகத்தையும் எண்ணுவதில்லை. மாதிரி நூலகங்களிலிருந்து இரவல் விவரத்தைச் சேகரித்துக் கணக்கிடுகிறார்கள். எழுத்தாளருக்கு வரும் ஆண்டுத் தாளில் அவருடைய ஒவ்வொரு நூலும் தனித்தனியே இருக்கும். பல நூல்களுக்குத் தொகை மிகச் சிறியது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய நூலொன்றை இன்னும் மக்கள் எடுத்துப் படிக்கிறார்கள் என்ற செய்தி அந்தத் தாளில் இருக்கிறது.

சிறு பதிப்பகங்கள் சொல்லும் தடையை மட்டும் தனியே எடுத்துக்கொள்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. பதிப்பாளரே மெய்ப்பும் பார்த்து, அட்டையும் தேர்ந்து, கட்டுகளையும் சுமந்து அனுப்பும் இடத்தில் கணக்கர் என்று தனி ஆள் இருக்க மாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் மாதவாரி அட்டவணை கேட்பது கொடுமை. அவர்களிடம் கேட்பது ஒரு நூலுக்கு ஐந்து எண்கள்: அச்சிட்டது, விற்றது, இலவசமாகக் கொடுத்தது, திரும்பி வந்தது, கையிருப்பு. கிடங்கில் ஆண்டுக்கு ஒருமுறை இருப்பு எடுக்கும்போதே இந்த எண்கள் கிடைத்துவிடும். விற்பனைக்குக் கொடுத்துப் பணம் வராத பிரதிகள் இருந்தால் அதையும் அப்படியே எழுதலாம். வராத பணத்துக்கு ராயல்டி கேட்கும் எழுத்தாளரை நான் கண்டதில்லை. பெரிய பதிப்பகங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஒவ்வொரு விற்பனைக்கும், நூலுக்கு நூல் தனித்தனியே தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ரசீது போடும் மென்பொருள் அவர்களிடம் இருக்கிறது. வரிக்கணக்குக்காக அதே விவரத்தைத் தொகுக்கவும் செய்கிறார்கள். எழுத்தாளருக்கு அனுப்புவது ஒரு கூடுதல் மின்னஞ்சல் மட்டுமே.

விற்பனை எண்கள் வெளியே தெரிந்தால் போட்டியாளர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. அந்தத் தகவலை எழுத்தாளர் வெளியிடக் கூடாது என்று வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பங்காளியிடமே மறைப்பதற்கு அது காரணமாகாது.

ஆகவே உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் இது. இனி வெளியிடும் ஒவ்வொரு நூலுக்கும், இரண்டு பக்கமானாலும், எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். ராயல்டி எந்த விலையில் கணக்கிடப்படும் என்று அதில் எழுதுங்கள். எந்த உரிமைகளைக் கேட்கிறீர்களோ அவற்றை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். குறைந்தபட்ச விற்பனைக்குக் கீழே போனால் உரிமை திரும்பும் என்று ஓர் அளவை வையுங்கள். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்ததும் மூன்று மாதங்களுக்குள் நூல்வாரியாக அந்த ஐந்து எண்களை எழுதியவருக்கு அனுப்புங்கள். கொடுக்க வேண்டிய தொகை எதுவும் இல்லாத ஆண்டிலும் அனுப்புங்கள். அந்த ஆண்டில்தான் அது அதிகம் தேவைப்படும். இறந்துவிட்ட எழுத்தாளர்களின் வாரிசுகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் கேட்கத் தெரியாதவர்களாக இருப்பார்கள் என்பதால் அவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

இவற்றை இப்போதே செய்துவரும் பதிப்பகங்கள் சில இருப்பதை அறிவேன். அவர்கள் தாங்கள் அனுப்பும் ஆண்டுத் தாளின் மாதிரியை, தொகைகளை நீக்கிவிட்டு, மற்றப் பதிப்பாளர்களின் பார்வைக்கு வைத்தால் பேருதவியாக இருக்கும். இன்னும் தொடங்காதவர்கள், கடந்த ஆண்டுகளின் நிலுவைக் கணக்கையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும் என்று மலைக்க வேண்டாம். நடப்பு நிதியாண்டிலிருந்து தொடங்கினால் போதும். முதல் தாள் எந்த மாதத்தில் வரும் என்பதை மட்டும் உங்கள் எழுத்தாளர்களுக்கு இப்போதே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் எழுத்தாளர்களுள் ஒருவர்